புல் முடிந்திட்ட வழி

முதன்முறையாகத் தன்னந்தனியே நெடுந்தொலைவு மலைநடை செல்ல விரும்பும் இளைஞர் இன்று முதலில் எண்ணிப் பார்ப்பது சுமையைத்தான். முதுகுப்பை எத்தனை கிலோ, காலணி எவ்வகை, கூடாரம் மழை தாங்குமா, கைப்பேசியின் மின்சாரம் எத்தனை நாள் வரும்? கேட்க வேண்டிய கேள்விகளே இவை. ஆனால் மேற்கே திரும்பினால் மலை தெரியும் கொங்கு நாட்டில், மலைப்பயணத்தின் பழைய ஆயத்தம் பொருளில் தொடங்கவில்லை, சொல்லில் தொடங்கியது. போய்வந்தவர் போகிறவருக்குச் சொல்லும் சொல் அது. அதற்கென ஓர் இலக்கிய வகையையே தமிழ் வைத்திருந்தது: ஆற்றுப்படை.

பத்துப்பாட்டின் இறுதி நூலான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்கு உண்டு. இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் ஆண்டது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி. கொங்குக்குச் சற்று வடகிழக்கே உள்ள மலைநாடு. வகுப்பறையில் நன்னனின் கொடையையும் இசைக்கருவிகளின் பட்டியலையும் நிறையப் பேசுகிறோம். நூலின் நடுப்பகுதி ஒரு மலைவழிக் கையேடு என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பன்றிகளுக்காகக் கானவர் வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு பதுங்கும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றெல்லாம் புலவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் பற்றுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் காத்துக் கடக்கச் சொல்கிறார். இரவில் நடவாமல் குகையில் தங்கச் சொல்கிறார்.

இரண்டு குறிப்புகள் இன்றைய தனிநடையாளருக்கும் நேரே பொருந்துவன. குறவரே திசை மயங்கும் மலையில் வழி தவறினால், மேலும் நடக்காமல் அகன்ற பாறையில் கூடி நின்று இசைக்கருவிகளை முழக்குங்கள். ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர் என்பது ஒன்று. வழி தவறியவர் நடப்பதை நிறுத்தி, இருக்கும் இடத்தை ஒலியால் அறிவிக்க வேண்டும் என்பதே மலைமீட்புப் பயிற்சியில் இன்றும் சொல்லப்படும் முதல் பாடம். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வையுங்கள் என்பது மற்றொன்று. முன் சென்றவரிடம் பெற்ற உதவியைப் பின் வருபவருக்குத் திருப்பித் தரும் கடமை, பயண ஆயத்தத்தின் ஒரு பகுதியாகவே இங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் இந்த மரபு வேறு வடிவில் வாழ்கிறது. பூண்டியிலிருந்து ஏழு மலை ஏறும் அடியார்கள் கையில் மூங்கில் தடியும் நாவில் சில பெயர்களும் கொண்டு செல்கிறார்கள்: வெள்ளைப் பிள்ளையார், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதைவனம், ஆண்டிச் சுனை. புராணச் சாயல் கொண்ட இப்பெயர்கள் நடப்பவருக்குத் தண்ணீரும் தங்கிடமும் காட்டும் அடையாளங்கள். ஏட்டில் எழுதாத ஆற்றுப்படை என்று இதைக் கொள்ளலாம். அதைக் கேளாமல் ஏறுவதன் விலை சிறிதன்று. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் மலையேறிய சிலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தனர். இதயநோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என வனத்துறை அறிவுறுத்தியது.

வடக்கே நீலகிரியின் வரலாறு இன்னொரு பாடம். 1812இல் நில அளவையாளர் வில்லியம் கீஸ் தம் உதவியாளர் மக்மகோனுடன் தணாயக்கன்கோட்டை வழியாக ஏறினார். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. 1818இல் விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவர் சென்றனர். 1819 ஜனவரியில் கோவை ஆட்சியர் ஜான் சலிவன் சென்றார். இவர்களைக் ‘கண்டுபிடித்தவர்கள்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் மேலே தோடர், கோத்தர், படகர் வாழ்ந்தனர். சரிவுகளில் இருளரும் குறும்பரும் வாழ்ந்தனர். சமவெளிச் சந்தைக்கு இறங்கி ஏறிய அம்மக்களின் கால்தடங்களே அதிகாரிகளுக்குப் பாதையாயின. வழிகாட்டியவர், சுமை தூக்கியவர் பெயர்களோ வரலாற்று நூல்களில் அரிது. ஆற்றுப்படையில் வழி சொல்பவனுக்கே முதலிடம். காலனியக் குறிப்புகளில் அவன் காணாமற்போகிறான்.

இன்று அவன் மீண்டும் தேவைப்படுகிறான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டன. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டிகளாக உடன் வருகிறார்கள். இசைவின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். தனிமையை நாடுவோருக்கு இது தளையாகத் தோன்றலாம். யானைத் தடம் குறுக்கிடும் காட்டில் அத்தளை உயிர் காப்பது.

தனியே நடக்கும் ஆசையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இசைவு உள்ள இடங்களில், இமயத்தின் நெடுவழிகளில் அது நிறைவேறட்டும். ஆனால் எங்கே போனாலும் முதுகுப்பையைக் கட்டுமுன் அடிவார ஊரில் ஒரு பொழுது தங்க வேண்டும். தண்ணீர் எந்த மாதம் வற்றும், மூடுபனி எப்போது இறங்கும், எந்தச் சரிவில் கல் உருளும் என்று அங்குள்ள முதியவரிடம் கேட்க வேண்டும். திரும்பும் நாளை ஒருவரிடமாவது சொல்லிச் செல்ல வேண்டும். திரும்பி வந்தபின், கண்டதை அடுத்தவருக்குப் பயன்படும்படி எழுதிவைக்க வேண்டும். வரைபடத்தில் சுனை இருக்கும். சித்திரையில் அது வற்றிய செய்தி, அங்கே போய்வந்த ஒருவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும்.