கோலார் தங்கவயலின் மையம் எது? ராபர்ட்சன்பேட்டையும் சுரங்க லைன்களும்

கோலார் தங்கவயல் பற்றிய வரலாற்றெழுத்து சுரங்கத்தின் ஆழத்தையும் தங்கத்தின் அளவையுமே பெரிதும் பேசிவந்துள்ளது. அந்நகரின் மையம் எது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. நகராட்சியின் பெயரிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்நகர் ராபர்ட்சன்பேட்டை என்றே வழங்குகிறது. பேட்டையின் பெயரே நகரின் பெயராக நிலைத்ததன் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் மேலாண்மையில் சுரங்கப்பணி விரிவடைந்தது. 1894இல் மாரிக்குப்பம் வரை ரயில் பாதையும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தன. 1891இல் சுமார் 7,000 ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 38,000ஐக் கடந்தது. தொழிலாளருள் பெரும்பகுதியினர் வடஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். கம்பெனி நிலத்திலிருந்த லைன்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். அங்கு வேலை இருக்கும்வரையே வீடு. மைசூர் அரசின் பிரிட்டிஷ் ரெசிடென்டான டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் தாங்கிய பேட்டையோ நேர்த்தெருக்களுடன் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. சந்தையும் கடைத்தெருவும் அங்கே வளர்ந்தன. ஆகவே, நிர்வாக, வணிக மையம் பேட்டையே.

எனினும், தொழிலாளரின் அறிவுலகம் லைன்களைச் சார்ந்தே உருவாயிற்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. சாம்பியன் ரீஃப்ஸில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவர்தம் நூல்களை வெளியிட்டது. ‘தமிழன்’ இதழும் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்த வேலைநிறுத்தத்தையும் இப்பின்புலத்தில் வைத்தே நோக்க வேண்டும். தங்கத் திருட்டைத் தடுப்பதன் பெயரால் தம் உடலையே சந்தேகப்பொருளாக்கிய ஒழுங்குமுறையை எழுத்தும் அமைப்பும் அறிந்த ஒரு சமூகம் மறுத்ததாக அதனைக் கொள்ளலாம்.

2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது இவ்விரு மையங்களின் வேறுபாடு வெளிப்படையாயிற்று. பேட்டையின் கடைத்தெரு தொடர்ந்தது. லைன்வாசிகளுக்கோ வேலையோடு வீட்டுரிமையும் கேள்விக்குள்ளானது. பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர்.

நிலவுரிமை உள்ள இடத்தின் பெயரே ஆவணத்தில் நிலைக்கிறது. எனவே, நகராட்சிப் பதிவேடுகளை மட்டும் சான்றாகக் கொள்ளும் நகர வரலாறு, நகரை உருவாக்கியோரை அதன் விளிம்பிலேயே நிறுத்திவிடும். லைன்களில் எஞ்சியுள்ள இதழ்களும் துண்டறிக்கைகளும் குடும்ப ஆவணங்களும் காலந்தாழ்த்தாது தொகுக்கப்பட வேண்டும். தங்கவயலின் மற்றொரு மையத்திற்கான சான்றுகள் அவற்றிலேயே உள்ளன.