ஆந்திரப் பிரதேச சாராய எதிர்ப்பு இயக்கம்

ஆந்திரப் பிரதேச சாராய எதிர்ப்பு இயக்கம் என்பது 1990களின் தொடக்கத்தில் இந்தியாவின் ஆந்திரப் பிரதேச மாநிலத்தில் ஊரகப் பெண்கள் நடத்திய மக்கள் போராட்டம் ஆகும். நெல்லூர் மாவட்டத்தில் உள்ள தூபகுண்டா என்னும் சிற்றூர் இதன் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது.

பின்னணி

சாராய விற்பனை உரிமையை மாநில அரசு ஏலத்தில் விட்டது. இவ்வருவாய் அரசின் முக்கிய நிதி ஆதாரங்களுள் ஒன்றாக இருந்தது. கூலித் தொழிலாளரின் வருமானத்தில் பெரும்பகுதி குடிக்கே செலவானதால், பெண்கள் வறுமையையும் அடி உதையையும் எதிர்கொண்டனர்.

போராட்டம்

எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகள் பெண்கள் ஒன்றுகூடிப் பேச வாய்ப்பளித்தன. ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாராயக் கடையை மூடச் செய்த கதை ஒன்று பாடநூலில் இடம்பெற்றிருந்தது. தூபகுண்டா பெண்களும் அவ்வாறே தம் ஊரில் விற்பனையை நிறுத்தினர். அவர்களுள் வர்தினேனி ரோசம்மா குறிப்பிடத்தக்கவர். 1992 இல் பல ஊர்ப் பெண்கள் சாராயம் ஏற்றிவந்த வண்டிகளை மறித்தனர். எதிர்ப்பினால் நெல்லூரில் ஏலம் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது.

விளைவுகள்

1993 அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1994 தேர்தலில் வென்ற என். டி. ராமராவின் அரசு 1995 சனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. வருவாய் இழப்பையும் கடத்தலையும் காரணம் காட்டி, நா. சந்திரபாபு நாயுடுவின் அரசு 1997 இல் அதைத் தளர்த்தியது. எனினும் சாராயத்தின் மீதான தடை நீக்கப்படவில்லை.