நான்கு சதவீதம் வந்த வழி

ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டால், ஒரு வருடச் செலவைப் போல 25 மடங்கு என்கிறார்கள். இந்தக் கணக்கு பிறந்தது 1994இல், கலிபோர்னியாவில். போட்டவர் வில்லியம் பெங்கன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் விண்வெளிப் பொறியியல் படித்து, குடும்பத்தின் குளிர்பானத் தொழிலில் இருந்துவிட்டு, நிதி ஆலோசகரானவர்.

வருடத்துக்கு எவ்வளவு எடுத்தால் பணம் கடைசிவரை வரும் என்பதுதான் அவர் முன்னிருந்த கேள்வி. சந்தையின் சராசரி லாபத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் சராசரிக்குள் கெட்ட வருடங்கள் மறைந்துபோகும் என்பதைப் பெங்கன் கண்டார். 1926 முதலான அமெரிக்கப் பங்கு, அரசுக் கடன் பத்திரம், விலைவாசிப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு வருடமும் ஒருவர் ஓய்வு பெற்றதாக வைத்துக் கணக்குப் போட்டார்.

ஓய்வு பெற்றவர் கையில் 10 லட்சம் டாலர். பாதி பங்கில், பாதி பத்திரத்தில். முதல் வருடம் 40,000 எடுக்கிறார். விலைவாசி 5 சதவீதம் ஏறினால் அடுத்த வருடம் 42,000. சந்தை விழுந்தாலும் இதில் குறைப்பதில்லை. 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் பலத்த அடி. 1973-74இல் பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ பாதியானது. விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. அடிமாட்டு விலைக்குப் பங்கை விற்றுச் செலவு செய்தவர்களிடம், சந்தை மீண்டபோது லாபம் தர அதிகம் மிஞ்சியிருக்காது. அவர்களுக்கும் 30 வருடம் தாங்கிய விகிதம் நான்கு சதவீதத்தைச் சற்றே தாண்டியது. நூறை நான்கால் வகுத்தால் 25. அதுதான் அந்த 25 மடங்கு.

1998இல் டெக்ஸாஸின் ட்ரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவர் இதே வழியில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். எண் ஊரெங்கும் பரவியது. 30 வருடம், அமெரிக்கச் சந்தை என்ற அதன் நிபந்தனைகள் வழியிலேயே உதிர்ந்தன. 2010இல் வேட் ஃபாவ் என்ற ஆய்வாளர் பல வளர்ந்த நாடுகளின் பழைய பதிவுகளில் இதைச் சோதித்தார். பெரும்பாலானவற்றில் நான்கு தாங்கவில்லை. பெங்கனோ, முதலீட்டு வகைகளைக் கூட்டிப் பார்த்து, பின்னாளில் 4.7 வரை போகலாம் என்றார்.

இப்போது அந்த எண் தமிழ் யூடியூபிலும் ஒலிக்கிறது. மாதச் செலவு 40,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 4.8 லட்சம், 25 மடங்கு 1.2 கோடி. ஆனால் 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு அது 75 வயது வரைக்குமான கணக்குதான். அதற்கு மேலும் பணம் நீடிக்க அவர் 3 சதவீதம் மட்டுமே எடுப்பது என்று வைத்தால் 1.6 கோடி வேண்டும். பென்ஷனோ வாடகையோ வருகிறவருக்கு இதில் பெருமளவு குறையும்.

எனவே முதலில் உங்கள் செலவை மருத்துவத்தோடு சேர்த்து எழுதுங்கள். எத்தனை வருடத்துக்குப் பணம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிறகு, ஓய்வு பெற்ற மறுவருடமே சந்தை பாதியாகி விலைவாசியும் ஏறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையைத் தாங்குகிற தொகைதான் உங்களுக்குப் போதுமான தொகை.