சில்க் ஸ்கிரீனில் சில்க் எங்கே?

விளையாட்டு ஜெர்சியின் முதுகில் எண் அச்சடிக்கும் ஸ்கிரீனை இன்றும் பலர் 'சில்க் ஸ்கிரீன்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பட்டு நூல்கூடக் கிடையாது. பெயர் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1907ல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் பட்டுத் துணி வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். மில்களில் மாவு சலிக்கப் பயன்பட்ட பட்டுத் துணியே அச்சுக்காரர்களுக்கும் கைகொடுத்தது. ஆனால் ஈரம் பட்டால் பட்டு தளரும். கடும் ரசாயனம் போட்டுக் கழுவினால் அரித்துவிடும். பிறகு வந்த நைலானுக்கோ இழுவை அதிகம்.

1941ல் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன். அதுவும் மான்செஸ்டர்தான், அதுவும் துணி அச்சிடும் நிறுவனம்தான்! ஈரத்துக்கு அசையாத, இழுத்துக் கட்டினால் அப்படியே நிற்கும் பாலியஸ்டர் வலை, பிற்காலத்தில் பட்டின் இடத்தைப் பிடித்தது.

வலையைக் காப்பாற்றிய அதே இழை, துணியாக வந்தபோது தலைவலி ஆனது. பாலியஸ்டருக்குப் போடும் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே ஏறும். சாதாரண பிளாஸ்டிசால் இங்க் காய சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை எண் ரோஸ் ஆகிவிடும். சில சமயம் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு!

மெஷ் தேர்வு முக்கியமாவது இங்கேதான். அங்குலத்துக்கு 110 நூல் உள்ள மெஷ்ஷில் துளை பெரிது. இங்க் தடிமனாக இறங்கிச் சாயத்தை ஓரளவு தடுக்கும். ஆனால் ஜெர்சி கனக்கும், அந்த இடத்தில் காற்றும் போகாது. 230 மெஷ் என்றால் அச்சு மெலிசு, நுணுக்கமும் வரும். ஆனால் சாயம் எளிதில் மேலே வந்துவிடும். அதனால் சாயத்தைத் தடுக்கும் பேஸ் இங்க்கை 110 முதல் 160 வரையிலான மெஷ்ஷிலும், மேல் நிறத்தை அதைவிட நெருக்கமான மெஷ்ஷிலும் அடிப்பது வழக்கம். சுமார் 130 டிகிரியிலேயே காயும் இங்க் கிடைத்தால் இன்னும் நல்லது.

காமர்ஸ் படிக்கிறவன் பார்வையில் சொன்னால், மெஷ்ஷின் விலை கணக்கில் ஒரு சின்ன வரி. தவறான மெஷ்ஷின் விலை, திரும்பி வரும் முழு ஆர்டர். ஒரு சாம்பிள் அடித்துச் சில நாள் வைத்துப் பார்ப்பதற்கு அவ்வளவு செலவாகாது.