வட்டுக்கோட்டை மிஷன் வளாகம்

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வட்டுக்கோட்டையிலுள்ள பழைய கிறிஸ்தவ மிஷன் வளாகம். மழையை நம்பி ஓடும் வழுக்கையாறு அருகிலுள்ள அராலிப் பக்கம் கடலேரியில் கலக்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயத்தை ஒல்லாந்தர் 1678இல் மீளக் கட்டினர். கூரையிழந்து பாழடைந்திருந்த அதனை அமெரிக்க மிஷனரிகள் 1816 முதல் பொறுப்பேற்றுப் புதுப்பித்தனர்.

1823இல் மிஷனரிகள் இங்கு செமினறி என்ற உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினர். முதல் அதிபர் டானியல் பூவர். தமிழ், ஆங்கிலத்தோடு வானியலும் கற்பிக்கப்பட்டது. 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணம் புகழ்பெற்றது: அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பைப் பூவர் தம் கணிப்போடு ஒப்பிட்டார், ஊரே வானத்தைப் பார்த்திருந்தது. பூவரின் கணிப்பே பொருந்தியது. ஆனால் தலைமுறைகளாக அந்தக் கணிதத்தைக் காத்த சாஸ்திரியார் குடும்பமும் மதிக்கத்தக்கதே.

செமினறி 1855இல் மூடப்பட்டது. அதன் மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1872இல் அதே வளாகத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தேவாலயம் இன்று தென்னிந்திய திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம். கனத்த சுவர்களைப் பார்க்க வருவோர் வழிபாட்டு நேரம் தவிர்த்து வருவது நல்லது.