வேகக் கார்களுக்கான மேம்பாட்டு உதிரிபாகங்கள்

ஒரு கார் ஆலையிலிருந்து வெளிவந்த பிறகு அதன் திறன், முடுக்கம், வளைவில் நிலைத்து ஓடும் தன்மை, தடைபிடிக்கும் ஆற்றல் ஆகியவற்றை உயர்த்துவதற்காக, அக்காரைத் தயாரித்த நிறுவனம் அல்லாத பிறர் வடிவமைத்துப் பொருத்தும் பாகங்கள் மேம்பாட்டு உதிரிபாகங்கள் எனப்படும். கேம் ஷாஃப்ட், புகைபோக்கிக் குழாய்த்தொகுதி, கார்புரேட்டர், பிஸ்டன், சுருள்வில், அதிர்வுதாங்கி, பிரேக் பேடு, என்ஜினை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பழுதடைந்த பாகத்துக்கு மாற்றாக அதே அளவில் செய்யப்படும் சாதாரண உதிரிபாகம் இவ்வகையில் சேராது. தென்னிந்தியாவில் இத்தொழில் மோட்டார் பந்தயத்தை ஒட்டியே வளர்ந்தது. அதன் தாயகம் கோயம்புத்தூர்.

தோற்றமும் வளர்ச்சியும்

உலக அளவில் இத்தொழில் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றது. அமெரிக்காவில் விக் எடல்பிராக் 1938-இல் ஃபோர்டு என்ஜின்களுக்கென மேம்பட்ட உள்ளிழுப்புக் குழாயை உருவாக்கினார். கார்லோ அபார்த் 1949-இல் இத்தாலியில் தொடங்கிய நிறுவனம், ஃபியட் போன்ற சிறிய கார்களுக்குச் சைலன்சர் செய்து விற்றுப் புகழடைந்தது. இங்கிலாந்தில் காஸ்வொர்த் 1958-இலும், ஜப்பானில் எச்.கே.எஸ். 1973-இலும் தோன்றின. இந்நாடுகளில் எல்லாம் பாகம் செய்பவருக்குப் பல வகைக் கார்களும், அவற்றை வாங்கும் வசதி படைத்த பெருந்திரளான இளைஞரும், எளிதில் கிடைக்கும் உலோகங்களும் இருந்தன. இந்தியாவில் இம்மூன்றும் இல்லை. விடுதலைக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற விரல்விட்டு எண்ணத்தக்க கார்களே சாலையில் ஓடின. இறக்குமதிக்கு உரிமம் வேண்டியிருந்ததால் வெளிநாட்டுப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. எனவே வேகத்தை விரும்பியவர்கள் வேண்டிய பாகத்தைத் தாமே வார்த்து, கடைந்து, பொருத்திக்கொள்ள நேர்ந்தது. பற்றாக்குறையே இங்கு இத்தொழிலை உண்டாக்கியது.

இதற்கான களம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைந்தது. உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட, ஆங்கில 'டி' எழுத்து வடிவிலான விமான ஓடுதளம் அங்கு இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாகப் பயன்படுத்தியது. கோண்டல் அரச குடும்பத்தினர் முதல் விஜய் மல்லையா வரை செல்வந்தர் பலர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இங்கு ஓட்டினர். மல்லையா ஓட்டியது என்சைன் நிறுவனத்தின் ஃபார்முலா 1 கார். எனினும் தொழில்நுட்ப வரலாற்று நோக்கில் அந்த இறக்குமதிக் கார்களைவிட, அவற்றுக்குப் பின்னால் வந்த ஃபியட்டுகளும் ஹெரால்டுகளுமே கவனத்துக்குரியவை. ஏனெனில் முன்னவை பணத்தால் வந்த வேகம், பின்னவை பட்டறையில் பிறந்த வேகம்.

பம்பாய் பிரீமியர் ஆலையில் தயாரான ஃபியட் 1100, பின்னாளில் பிரீமியர் பத்மினி எனப் பெயர் மாறியது. அதன் என்ஜின் 68 மில்லிமீட்டர் துளையும் 75 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட, 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, சுமார் 40 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் என்ஜின் ஆகும். அடக்கமான இந்த என்ஜின் உறுதியான வார்ப்பால் ஆனது என்பதால், அளவுக்கு மீறிய சுழற்சியையும் ஓரளவு தாங்கியது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வேறொரு வசதி இருந்தது: அதன் முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்ததால், மெக்கானிக் சக்கரத்தின் மேல் அமர்ந்தபடியே என்ஜினின் இருபுறமும் கைவைக்க முடிந்தது. 1982-இல் பெங்களூரிலிருந்து வந்த சிபானி டால்ஃபின் கண்ணாடியிழை உடல் கொண்ட எடை குறைந்த கார். அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்ததாக மக்கள் அதைக் கருதாவிடினும் ராலிப் போட்டியாளர்கள் அதை விரும்பினர்.

கோயம்புத்தூர் இதில் தலைமை பெற்றதற்கு அந்நகரின் தொழில் அமைப்பே காரணம். பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்யத் தொடங்கிய பட்டறைகள், பின்னர் கிணற்றுப் பம்புசெட்டுக்கும் மோட்டாருக்குமாக விரிந்து, 1926-இல் தொடங்கப்பட்ட பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் போன்ற நிறுவனங்களால் பயிற்சி பெற்ற ஆட்களைப் பெற்றன. 1937-இல் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரோடு பெயர் இணைந்த ஜி. டி. நாயுடு, 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றையும் வடிவமைத்ததாகக் கூறப்படுகிறது. மரத்தில் பேட்டர்ன் செய்பவர், வார்ப்பவர், லேத்தில் கடைபவர், உலோகத்துக்குச் சூட்டுப்பதம் ஏற்றுபவர் ஆகிய நால்வரும் ஒரே நகரில் சைக்கிளில் சென்று பார்க்கும் தூரத்தில் இருந்தனர். புதிய புகைபோக்கிக் குழாய்த்தொகுதிக்கோ மாற்றுப் பிஸ்டனுக்கோ இதைவிட உகந்த சூழல் நாட்டில் வேறெங்கும் அமையவில்லை. சென்னை, பெங்களூரு, கொல்கத்தா ஆகியவற்றையும் இதற்கு இணையாகக் குறிப்பிடுவோர் உண்டு. ஆனால் அந்நகரங்கள் ஓட்டுநர்களைத் தந்தன. காரைத் தந்தது கோவையே.

இம்மரபின் மைய மனிதர் எஸ். கரிவரதன். ஜவுளித் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த இவர், தாமே பந்தய ஓட்டுநராக இருந்ததோடு, ஆர்வமுள்ள பிற ஓட்டுநர்களுக்கும் கார்களைத் தயார் செய்து கொடுத்தார். 1980-களின் இறுதியில் இவர் வடிவமைத்த 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார், குழாய்களைப் பற்றவைத்துக் கூடுபோல் அமைத்த சட்டகத்தில், மாருதி 800 காரின் 796 கன சென்டிமீட்டர் மூன்று சிலிண்டர் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்திய எளிய அமைப்பாகும். தெருவுக்குத் தெரு கிடைத்த உதிரிபாகங்களால் ஆனதால் அது மலிவாக இருந்தது. எல்லாரும் ஒரே வகைக் கார் ஓட்டியதால் திறமை வெளிப்பட்டது. பின்னாளில் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகியது இந்தக் காரில்தான். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியில் பலமுறை வென்றவர். கரிவரதன் 1995-இல் வான் விபத்தொன்றில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தளம் அவர் நினைவாகவே கரி மோட்டார் ஸ்பீட்வே எனப் பெயரிடப்பட்டது. இதற்கிடையே 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தளம் திறக்கப்பட, சோழவரத்தின் காலம் முடிந்தது.

வடிவமைப்பு

என்ஜினின் திறன், ஒரு நிமிடத்தில் அது எவ்வளவு காற்றை உள்ளிழுத்து எரிக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே வடிவமைப்பின் முதல் வேலை காற்றின் வழியைத் தடையின்றி ஆக்குவதாகும். சிலிண்டர் ஹெட்டில் உள்ள காற்றுவழிகளை அரத்தாலும் சுழல் அரைப்பானாலும் சீராக்குவதைப் பட்டறையில் 'போர்ட்டிங்' என்பர். துளையைப் பெரிதாக்கினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது தவறு. துளை அகன்றால் காற்றின் வேகம் குறைந்து, குறைந்த சுழற்சியில் என்ஜின் தொய்ந்துவிடும்.

அடுத்தது அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கீழே இருக்கையில் உள்ள கொள்ளளவுக்கும் மேலே வந்தபின் எஞ்சும் கொள்ளளவுக்கும் இடையிலான விகிதம். எடுத்துக்காட்டாக, 1089 கன சென்டிமீட்டர் ஃபியட் என்ஜினின் ஒரு சிலிண்டர் 272 கன சென்டிமீட்டர் இடம் கொள்ளும். விகிதம் 8 என்றால் எரியறையில் 39 கன சென்டிமீட்டர் எஞ்சும், அதை 9.5 ஆக்க வேண்டுமானால் 32 மட்டுமே எஞ்ச வேண்டும். இந்த 7 கன சென்டிமீட்டரைக் குறைக்க ஹெட்டின் அடிப்பரப்பை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேலும் சீவ வேண்டியிருக்கும். சீவியபின், ஹெட்டைத் தலைகீழாக வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் எரியறையை மூடி, பியூரெட்டிலிருந்து எண்ணெய் விட்டு நான்கு அறைகளையும் தனித்தனியே அளப்பது முறை. அரை மில்லிலிட்டர் வேறுபாடு தெரிந்தாலும் நல்ல மெக்கானிக் மீண்டும் அரைக்கத் தொடங்கிவிடுவார். ஹெட் தாழ்ந்ததும் வால்வுகளை இயக்கும் தள்ளுகோல்கள் அந்த அளவுக்கு நீளமாகிவிடும் என்பதால் அவற்றையும் வெட்டிக் குறுக்க வேண்டும். இதை மறந்து வால்வை வளைத்தவர்கள் அந்நாளில் குறைவில்லை. மேலும் அக்காலப் பெட்ரோலின் ஆக்டேன் எண் குறைவாக இருந்ததால், விகிதத்தை உயர்த்தியவுடன் எரிகலவை உரிய நேரத்துக்கு முன் வெடித்து 'நாக்கிங்' எனும் தட்டல் ஏற்பட்டுப் பிஸ்டன் ஓட்டையாகும் ஆபத்தும் இருந்தது.

கேம் ஷாஃப்ட், வால்வு எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. நேரத்தைக் கூட்டினால் உயர் சுழற்சியில் திறன் பெருகும், நகரச் சாலையில் கார் திணறும். புகைபோக்கிக் குழாய்த்தொகுதியிலும் இத்தகைய பேரம் உண்டு: நான்கு குழாய்களை நேரே ஒன்றில் சேர்ப்பது உயர் சுழற்சிக்கு ஏற்றது, முதலில் இரண்டிரண்டாக இணைத்துப் பின் ஒன்றாக்குவது நடுத்தரச் சுழற்சியில் இழுவிசையைத் தரும். மாருதி 800-இன் மூன்று சிலிண்டர்களும் 240 பாகை இடைவெளியில் எரிவதால் ஒன்றின் புகை மற்றொன்றை அதிகம் தடுப்பதில்லை. மூன்று சம நீளக் குழாய்களை ஒன்றில் சேர்த்தாலே போதுமானதாக இருந்தது, எளிய பட்டறைகளுக்கு இவ்வமைப்பு பெரும் வரமாயிற்று. சஸ்பென்ஷன், பிரேக் ஆகியவை பற்றி இங்கு விரித்துரைக்க இடமில்லை. ஆனால் திறனைக் கூட்டிய பின் பிரேக்கை மாற்றாமல் விடுவது பொறுப்பற்ற செயல் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

சோதனை

பாகத்தின் மதிப்பைச் சோதனையே முடிவு செய்யும். என்ஜினின் முறுக்குவிசையை அளக்கும் கருவி டைனமோமீட்டர். நீரின் தடையால் இயங்கும் வகையை வில்லியம் ஃப்ரூட் 1877-இல் உருவாக்கினார். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் கிடைக்கும். காரையே உருளைகளின் மேல் ஏற்றிச் சக்கரத்தில் அளக்கும் கருவியும் உண்டு. அதில் கியர்பெட்டி, டயர் ஆகியவற்றின் இழப்பு கழிந்தே எண் வரும் என்பதால், இரு முறைகளின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருந்தாது.

தட்பவெப்பமும் எண்ணை மாற்றும். வெப்பநிலை 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் கார்புரேட்டரைச் சரிசெய்து, காரைச் சோழவரத்துக்குக் கொண்டு சென்றால், அங்கு காற்று அடர்ந்து கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும். அதனால் பெரிய துளையுள்ள ஜெட்டுகளை உடன் எடுத்துச் செல்வர். பயிற்சி ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் பீங்கான் நுனி வெளுத்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா, காப்பித்தூள் நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பர். வெளுத்தால் கலவை மெலிந்தது, கறுத்தால் மிகுந்தது. கருவிகள் அரிதாக இருந்த காலத்தில் இந்தக் கண்ணளவே ஆய்வுக்கூடமாக இருந்தது. இன்று அந்த வேலையைப் புகையிலுள்ள உயிர்வளியை அளக்கும் உணரி செய்கிறது. தட்பவெப்பத்தாலும் உயரத்தாலும் வரும் வேறுபாடுகளை நீக்கி, டைனமோமீட்டர் எண்களை ஒப்பிடத்தக்கதாக்கவே எஸ்.ஏ.இ. ஜே1349 போன்ற திருத்த நெறிகள் உள்ளன. அது 25 பாகை வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது.

தளத்தில் செய்யும் சோதனையில் பழைய பாகம், புதிய பாகம், மீண்டும் பழைய பாகம் என்ற வரிசையில் ஓட்டிப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. மூன்றாவது ஓட்டம் இல்லையேல், நேரம் குறைந்தது பாகத்தாலா, டயர் சூடானதாலா, ஓட்டுநர் தளத்துக்குப் பழகியதாலா என்று பிரித்தறிய இயலாது. பிரேக்குக்கு வெப்பத்தால் நிறம் மாறும் வண்ணத்தைத் தட்டில் பூசி உச்ச வெப்பத்தை அறிவர். உடலின் மேல் நூல் துண்டுகளை ஒட்டி, காற்று எங்கே பிரிகிறது என்று மற்றொரு காரிலிருந்து பார்ப்பதும் உண்டு. காற்றுத்தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், உச்ச வேகத்தை 10 விழுக்காடு கூட்ட ஏறத்தாழ 33 விழுக்காடு அதிகத் திறன் வேண்டும். சைலன்சரை மட்டும் மாற்றி வேகம் பன்மடங்கு கூடியதாகச் சொல்லும் விளம்பரங்களை இக்கணக்கே பொய்யாக்கிவிடும்.

சட்டமும் இன்றைய நிலையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் கார்களுக்கு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளே பொருந்துவதால், இத்தொழில் உண்மையில் அங்குதான் முறையாக நடைபெறுகிறது.

கோவையின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் 2017-இல் கூட்டு நிறுவனம் அமைத்து, 2018-இல் 1.2 லிட்டர் டர்போ என்ஜினும் 114 குதிரைத்திறனும் கொண்ட டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. கார்களை வெளியிட்டது, 2020-இல் அம்முயற்சி நின்றது. பெங்களூரிலும் கொச்சியிலும் சில நிறுவனங்கள் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை மாற்றியமைக்கின்றன. அனுமதியற்ற மாற்றத்தைத் தன் வாகனத்தில் செய்யும் உரிமையாளருக்கு, 2019-இல் சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.