றோணியோத் தாள்களில் தங்கிய உரையாடல்

பேராதனையில் பேசப்பட்டவை எல்லாம் மகாவலியோடு போய்விட்டன என்று என் ஆசிரியர் ஒருவர் கேலியாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில், ஓரங்கள் மஞ்சளித்துப்போன றோணியோத் தாள்கட்டு ஒன்று என் கைக்குக் கிடைத்தது. 'சிலோன் ஸ்ரடீஸ் செமினார்' என்று தலைப்பிட்டிருந்த ஆங்கிலக் கட்டுரை அது. யாரோ ஒருவர் பென்சிலால் பக்கத்துக்குப் பக்கம் கேள்விக்குறிகள் இட்டிருந்தார். கட்டுரையைவிட அக்கேள்விக்குறிகளே அன்று என்னைக் கவர்ந்தன.

1968இல் பேராதனையில் தொடங்கிய ஆய்வரங்கு அது. அதை முன்னின்று நடத்தியவர்களுள் வரலாற்றாசிரியர் மைக்கல் றொபேட்ஸ் முக்கியமானவர். கட்டுரையை ஸ்ரென்சிலில் தட்டச்சுச் செய்து, றோணியோவில் பிரதியெடுத்து, முன்கூட்டியே விநியோகித்துவிடுவார்கள். வருபவர்கள் படித்துவிட்டு வரவேண்டும். எனவே கூட்டம் கட்டுரையை வாசிப்பதற்கன்று, அதனோடு மோதுவதற்கே கூடியது. வரலாற்றாசிரியரின் கூற்றைச் சமூகவியலாளர் மறுக்கலாம். சமூகவியலாளரிடம் பொருளியலாளர் கணக்குக் கேட்கலாம். இன்று நம்மவர் நடத்தும் நினைவுப் பேருரைகளை எண்ணிப் பார்க்கிறேன். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்தபின் பேச்சாளருக்கு எஞ்சுவது சொற்ப நேரம். கேள்வி நேரம் 'நேரமின்மை காரணமாக' நீங்கிவிடும்.

ஆயினும் அந்த ஆய்வரங்கைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. 1960 தொடக்கம் பல்கலைக்கழகத்தில் கலைப்பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்பட்டன. மாணவரிற் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த சுயமொழிக்காரர். அவர்களின் ஆசிரியர்களோ, நாட்டைப் பற்றிய தம் கூர்மையான விவாதங்களை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தது. அதன்பின் கைதான 10,192 பேர் பற்றிய தரவுகளை ஆராய்ந்து கணநாத் ஒபேசேகர எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1974இல் அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளிவந்தது. அது யாரைப் பற்றியதோ, அவர்களிற் பெரும்பாலோர் படிக்க இயலாத மொழியில் இருந்தது.

அறைக்குள் பேசப்பட்டது வெளியே வந்தால் என்ன நிகழும் என்பதற்கு இன்னொரு பேராதனை வரலாற்றாசிரியர் சாட்சி. ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் 'சிங்கத்தின் மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 'சிங்கள' என்ற சொல் ஆதியில் ஆளும் வம்சத்தையும் அதனைச் சார்ந்தோரையுமே குறித்தது. அம்மொழி பேசிய எல்லோரையும் அது தழுவியது வெகு பிற்காலத்திலேயே. அதனோடு ஆரிய இனக் கருத்தை ஒட்டவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு. சுருக்கமாக இதுவே அவர் வாதம். சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1984இல் வெளியிட்ட தொகுப்பில் அது இடம்பெற்றது. முந்திய ஆண்டின் ஜூலை நெருப்பு அடங்கியிராத காலம். பின்னர், அதே பேராதனையின் சிங்களப் பேராசிரியர் கே.என்.ஓ. தர்மதாச, அவ்வடையாளம் மிகப் பழைமையானது என்று விரிவாக மறுத்தெழுதினார். குணவர்தன 1995இல் ஒரு சிறு நூலாகப் பதிலளித்தார். தர்மதாசவின் முடிவை நான் ஏற்கவில்லை. எனினும் அவர் சாசனங்களையும் நூல்களையும் எடுத்துவைத்து வாதிட்டார். பத்திரிகைகளில் வந்த வசைகளோடு அதைச் சேர்த்தெண்ணுவது தகாது.

தமிழர் குணவர்தனவைக் கொண்டாடினோம். நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். 'பார்த்தீர்களா, அவர்களே சொல்கிறார்கள்' என்ற தொனியில்தான். அதே அளவுகோலை நம்மீது வைத்தால் என்னவாகும் என்ற கேள்வி என் கட்டுரை எதிலும் வந்ததில்லை.

அதை வைத்துப் பார்த்தவர் பேராதனையிலும் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த கா. இந்திரபாலா. இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பற்றி 1965இல் இலண்டனில் அவர் சமர்ப்பித்த ஆய்வேடு, பரவலான நிரந்தரக் குடியேற்றங்களைப் பத்தாம் நூற்றாண்டளவிலேயே தொடக்கியது. தமிழர் அதற்காக அவரை ஏசினார்கள். சிங்களத் தேசியவாதிகள் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். நாற்பதாண்டு கழித்து, 2005இல், புதிய தொல்லியற் சான்றுகளோடு தம் பழைய நிலைப்பாட்டை அவரே திருத்தினார். சிங்களவரும் தமிழரும் இத்தீவின் பழங்குடி மக்களிலிருந்தே, மொழிமாற்றத்தின் வழியே இரு இனக்குழுக்களாக உருப்பெற்றனர் என்பது அந்நூலின் சாரம். இரு தரப்புத் தேசியவாதிகளுக்கும் உவப்பில்லாத செய்தி.

அதன் தமிழ்ப் பதிப்பு 2006இல் வெளிவந்தது. அதை நான் படித்துக்கொண்டிருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர் நூலைக் கையில் வாங்கிப் புரட்டினார். 'எங்கட பக்கத்துக்கு இதில என்ன இருக்கு?' என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.